கன்னம் உப்பிய விவரம்

அன்பு மனைவிக்கு,

நான் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீயும் மகளும் மாப்பிள்ளையும் புதிதாக வந்திருக்கும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அங்கே போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். மாப்பிள்ளை காதுபட நான் எப்படி என் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசுவேன்?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, "நான் இல்லாம கன்னமெல்லாம் நல்லா உப்பிப் போச்சே உங்களுக்கு. அப்ப இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டே வர்றேன்" என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது சந்தோஷத்தில் வந்த கன்னம் இல்லை, ஸ்டீராய்டு மாத்திரையில் வந்த கன்னம். நீ பிரசவம் பார்க்கப் போன கொஞ்ச நாளில் பெருங்குடல் புண் பழையபடி கிளம்பிவிட்டது, ரத்தமும் சேர்ந்து. தினசரி மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று டாக்டர் சத்தம் போட்டார், நான் என்ன செய்வேன், நீ இருந்தால் காலையில் தண்ணீர் டம்ளரோடு எதிரே வந்து நிற்பாய், நான் முழுங்கும்வரை நகரமாட்டாய், இப்போது டம்ளரும் வருவதில்லை, மாத்திரை ஞாபகமும் வருவதில்லை. ஒரு நாள் பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு சலூன் வாசலில் நிறுத்திவிட்டு, கழிவறை இருக்கிறதா என்று உள்ளே ஓடினேன், கண்டக்டர் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து டிரைவர் முடி வெட்டப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறான், திரும்பி வந்தால் மொத்த பஸ்ஸும் என் தலையைப் பார்க்கிறது, முன் சீட்டு அம்மா, "ஒண்ணுமே வெட்டலையேப்பா, காசை வாங்கிட்டானா?" என்று வருத்தப்பட்டார். இப்போது டிப்போ ஆபீசில் உட்காரவைத்திருக்கிறார்கள், கழிவறைக்குப் பக்கத்து மேஜை.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம், அதுவரை பசி ஆளைத் தின்கிறது, கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, கோபப்பட ஆளில்லாமல் குக்கரைத் திட்டுகிறேன், வீட்டில் அது ஒன்றுதான் பதிலுக்குச் சீறுகிறது. இதெல்லாம் போதாதென்று புது மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாகக் கையில் ஏற்றுகிறார்கள். முதல் தடவை ஆகிவிட்டது, ரத்தமும் குறைந்திருக்கிறது. ஆகவே நீ பதற வேண்டாம். ரெண்டு மாதம் என்ன, ஆறு மாதம் இரு. பேத்திக்கு நீ வேண்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பேத்திக்கு என் ஆசிகள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், வயிற்று விஷயத்தைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: ஆறு மாதம் என்று எழுதியதை அடித்துவிடு. ரெண்டு மாதத்தையும் அடித்துவிடு. மருந்து ஏற்றும் கட்டில் பக்கத்தில், கூட வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். "அதான் யாரும் வரலையே, பையை அதுல வைங்க" என்றார் நர்ஸ். எனக்கு மனசு வரவில்லை. மருந்து ஏறி முடியும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். அடுத்த தடவை மாதக் கடைசியில்.