ஏழு குழாயில் வந்த பேய்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். நான், டைப்பிங் பழக வந்த இரண்டு அக்காமார், குழாய் அண்ணாச்சி. இல்லாதவர் சென்டரின் ஓனர். விளாத்திகுளத்தில் ஒரு துஷ்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போயிருந்தார். தான் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று அவர் பிற்பாடு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடந்திருக்கும். குழாய் அண்ணாச்சி இருக்கும் இடத்தில் ஓனர் ஒரு பொருட்டே இல்லை.

கோவில்பட்டி தாலுகாவிலேயே பேய்க்கு முறைப்படி மரியாதை செய்த ஒரே மனிதர் அண்ணாச்சிதான். தொழில் ரேடியோ செட். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எது வந்தாலும் கம்பத்துக்குக் கம்பம் கூம்புக் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் குழாய்.

கையில் செல்போன் வைத்திருப்பவரைத் தெருவே திரும்பிப் பார்த்த காலம் அது. சென்டரில் மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். அதில் ஒன்றில் மட்டும் ஒரு பேய் விளையாட்டு ஓடும். பாழடைந்த ஆஸ்பத்திரி ஒன்றில் டார்ச் லைட்டோடு ஒருவன் மாட்டிக்கொள்கிறான். அறை அறையாகத் தப்பித்து வெளியே வர வேண்டும். வழியில் நர்ஸ் உடுப்பில் ஒரு பேய் அலையும்.

அந்த ஆட்டத்தை நான் மூன்று முறை முழுதாக முடித்திருக்கிறேன். எப்படி முடித்தேன் என்றால், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு. சத்தம் இல்லாவிட்டால் பேய் வெறும் படம். எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கும், எத்தனை எண்ணுவதற்குள் திரும்பும் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்; சென்டரில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். எதையும் நோட்டுப் போட்டுப் படித்தால்தான் எனக்கு மனசு ஆறும். மூன்று முறை ஜெயித்தபோதும் சாட்சிக்கு இருந்தது மேஜை ஃபேன் மட்டும்தான். அதுவும் பாதி நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

குழாய் அண்ணாச்சி ஒரு முறைகூட மூன்றாவது அறையைத் தாண்டியதில்லை. ஆனால் அவர் உட்கார்ந்தால் எதிர் டீக்கடையே டம்ளரோடு உள்ளே வந்துவிடும்.

முதலில் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவார். ஸ்பீக்கரை முழுசாகத் திருகுவார். இசை மெதுவாக ஆரம்பித்ததும், "வாரா, வாரா, அவ வாரா" என்று கூட்டத்துக்கு நேர்முக வர்ணனை. கதவு கிறீச்சிட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கி ஓடுவார். பெட்டிக்கடை வரை போய் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்குள் ஆட்டத்தில் டார்ச் லைட்காரன் செத்துக் கிடப்பான். "பாவம், நல்ல பையன்" என்று ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார். கூட்டமும் நிற்கும். ஓடிய நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பார்.

எனக்கு வயிறு எரியும். ஜெயித்தவன் நான், கைதட்டல் அவருக்கு.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "அண்ணாச்சி, சத்தத்த அமத்திட்டு ஆடுனா பயமே வராது. நீங்களும் முடிச்சிரலாம்லா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "ஏலே டிப்ளமா, கல்யாண வீட்டுக்குப் பாட்டு உண்டு, சடங்கு வீட்டுக்குப் பாட்டு உண்டு, சாவு வீட்டுக்குக்கூட உண்டு. பேய் வீட்டுக்கு மட்டும் வேண்டாமாக்கும்? அவ வாறதுக்கு முன்னால பாட்டுப் போட்டு சொல்லிட்டு வாரா. நீ அதையும் அமத்திப்புட்டு ஒளிஞ்சிருந்து பாக்குத. இதுல யாரு பேயி?"

டைப்பிங் அக்காமார் சிரித்த சிரிப்பில் ஒரு வாரம் எனக்குத் தட்டச்சு தப்பித் தப்பி வந்தது.

இதுவரை பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது நாற்காலி விஷயத்தில்தான். சாயங்காலங்களில் சென்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போடப்போவதாக ஓனர் சொல்லியிருந்தார். அந்த இடம் எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, வீட்டிலும் சொல்லிவிட்டேன். மானாவாரி மிளகாய்க் காட்டில் நிற்கிற அப்பாவுக்கு, ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு மகன் உட்கார்வது என்றால் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. ஊரில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார். இந்த நிலைமையில் ஓனர் ஒருநாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம குழாயவே உக்கார வச்சிரலாம் போலுக்கு. ஆளு வருதுல்லா" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்து வந்ததுதான் நான் முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை.

சென்டருக்குப் பின் தெருவில், பெண் வயதுக்கு வந்த ஒரு சடங்கு வீடு. அண்ணாச்சி ஏழு குழாய் கட்டியிருந்தார். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் ஜெனரேட்டர் உள்ள கட்டடம் எங்களுடையது மட்டும்தான். அதனால் அந்தப் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் ஆம்ப்ளிஃபயர் எங்கள் சென்டருக்குள்தான் இருக்கும், வயர் மட்டும் ஜன்னல் வழியே போகும். தாய்மாமன் சீர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கேசட் முடிந்து குழாய்கள் சும்மா கிடந்தன. டீக்கடைக் கூட்டமும் சடங்கு வீட்டில் இருந்தது. அவர் பேய் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, பந்தயம்" என்றேன். "பாட்டோட ஆடி முடிச்சிட்டீங்கன்னா சாயங்கால வேலைய நான் கேக்க மாட்டேன். முடிக்கலன்னா, வேலையப் பத்தி நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"நான் எப்பல வேலை கேட்டேன்?" என்றார். ஆனால் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். உடனே ஒரு நிபந்தனையும் போட்டார். "இந்த டப்பா ஸ்பீக்கர்ல அவளுக்கு சளி பிடிச்ச மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர் வயர என் ஆம்ப்ளிஃபயர்ல சொருகு. பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு இங்கன கிடக்குல்லா, அதுல மட்டும் வரட்டும். குழாய் லைன அமத்திரு. செவப்பு சுவிட்சு."

சொருகினேன். பெட்டியை இணைத்தேன். சிவப்பு சுவிட்ச் என் கண்ணில் நன்றாகப் பட்டது. நான் அதைத் தொடவில்லை.

மறந்தேன் என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் மறக்கவில்லை.

தெருப்புழுதி வராமலிருக்கக் கதவைச் சாத்தியிருந்தோம். பெரிய பெட்டி அதிர்ந்ததில் வெளியே நடந்தது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. அன்று அவர் ஓடவில்லை. இசை எங்கே தணிகிறது, எங்கே ஏறுகிறது என்று காதைச் சாய்த்துக் கேட்டு, பேய் வருவதற்கு முன்பே ஒதுங்கினார். மூன்றாவது அறை போயிற்று. ஐந்தாவது போயிற்று. நான் நோட்டில் கட்டம் போட்டுக் கண்டுபிடித்ததையெல்லாம் அந்த மனிதர் காதால் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நோட்டைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

பின் தெருவில் நடந்ததை அப்புறம் சொல்லக் கேட்டோம். தாய்மாமன் வீட்டார் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். இருபத்தொரு சீர்வரிசைத் தட்டோடு தெருமுனையில் திரும்பும்போது, ஏழு குழாயிலும் ஒரே நேரத்தில் ஒரு பொம்பளை மூச்சு வாங்கியிருக்கிறாள். பிறகு ஆணியால் சுவரைக் கீறுகிற சத்தம். பிறகு குழந்தை அழுகை. வளையல் தட்டுக்காரி தட்டைக் கீழே போட, பின்னால் வந்தவள் பழத்தட்டைப் போட, வீடியோக்காரர் கேமராவை அணைக்காமலே ஓடியிருக்கிறார். மணையில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

கதவு திறந்தது. பட்டு வேட்டியோடு தாய்மாமன், பின்னால் பத்துப் பேர்.

"இங்கன என்ன நடக்கு?"

குழாய் அண்ணாச்சி திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார். "ஒரு நிமிஷம் அண்ணாச்சி. இன்னும் ஒரே ஒரு கதவு."

தாய்மாமன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. "குழாயில பேய விட்டது எவன்ல? எவன் வயரச் சொருகுனான்?"

அக்காமார் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா, நாற்காலி, ஃபேன், எல்லாம் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது.

குழாய் அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். சிவப்பு சுவிட்சைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நாந்தான் சொருகுனேன்" என்றார். பிறகு எழுந்து, ஆர்வமாகக் கேட்டார். "தெருமுனை வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சா அண்ணாச்சி? மூச்சு வாங்குறது கேட்டுச்சா?"

விழுந்த அடி ஒன்றுதான். அதிலும் பாதி முதுகில் படவில்லை. பழியைக்கூடப் பரிசு மாதிரி வாங்கிக்கொண்ட அந்த ஆளைப் பார்த்து, இந்தத் தைரியம் எனக்கு இல்லையே என்று எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

எல்லோரும் போனபின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "அண்ணாச்சி, நான் அந்த சுவிட்ச..."

"தெரியும்ல. மறந்தவன் திருதிருன்னு முழிப்பான். நீ தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்க." வயரைத் தோளில் போட்டார். "கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னல இருக்கு? நீ பாத்திருக்கேல்லா?"

"வெளிச்சம் அண்ணாச்சி. அவ்வளவுதான். விடிஞ்சிருக்கும்."

"பாட்டு?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறை முடித்தவனுக்கு அந்த முடிவின் இசை தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

துஷ்டியிலிருந்து திரும்பிய ஓனரிடம் அவரே போய், "என்னைய உக்கார வச்சீங்கன்னா சென்டரே இருக்காது. டிப்ளமாவப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். வேலை எனக்குக் கிடைத்தது. முதல் நாள் சாயங்காலமே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஆடினேன். இரண்டாவது அறையிலேயே எழுந்து வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சடங்கு வீட்டார் ரேடியோ செட் வாடகை அறுநூறைத் தரவில்லை. உடைந்த வளையலுக்கும் நசுங்கிய பழத்துக்கும் இருநூற்று நாற்பது கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆக மொத்தம் எண்ணூற்று நாற்பது ரூபாய். அதில் பாதியை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த மனிதரிடம் நான் பதினொரு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.