சாந்தா அக்காவின் பாராட்டும் எங்கள் அணியின் துடுப்பும்

பீலெஃபெல்ட், ஜேர்மனி,
திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க சாந்தா அக்காவுக்கு,

உங்கள் தங்கை மகாதேவியின் கணவன் தங்கராசா எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், மகன் சதீசனின் பேஸ்போல் அணியைத் தவிர. நீங்களும் அண்ணையும் அங்கே சுகமாயிருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஆட்டம் பார்க்க ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலேறி வரப்போவதாகச் சொன்னீர்களாம். கேட்டவுடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வாயைக் குறை சொல்லவில்லை, அக்கா, தங்கமான வாய். ஆனால் போன மாதம் நீங்கள் வந்து போன பிறகு எங்கள் பெடியளின் அடி எப்படியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு மாரியுஸ் பந்தை வேலிக்கு வெளியே அனுப்ப, நீங்கள் எழுந்து நின்று, "ஐயோ, இரும்புக் கையெல்லோ!" என்றீர்கள். அந்த இரும்புக் கை மறுநாளே சைக்கிளிலிருந்து விழுந்து மாவுக்கட்டுக்குள் போய்விட்டது. யோனாஸைக் "கழுகுக் கண்" என்றீர்கள். இப்போது அவன் கணுக்காலுக்குக் கீழே வரும் பந்துக்கும் துடுப்பைச் சுழற்றுகிறான், தலைக்கு மேலே போவதற்கும் சுழற்றுகிறான், நடுவே வருவதை மட்டும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சதீசனை, "எங்கடை பிள்ளையின்ரை துடுப்புக்கு முன்னாலை பந்து நிக்குமோ!" என்று வாழ்த்தினீர்கள். அப்படியே பலித்தது, ஒரு பந்தும் நிற்பதில்லை, துடுப்பில் படாமல் பின்னால் போய்விடுகிறது.

புகழ்ந்த வாய் பட்ட நாவூறுதான் என்று மகாதேவி செத்தல் மிளகாயும் உப்பும் தந்துவிட்டாள். போன ஆட்டத்தில் பெடியள் இருக்கும் வாங்குக்குப் பின்னால் நின்று சுற்றி எரித்தேன். அந்த நெடியில் துடுப்போடு நின்ற எங்கள் பெடியனே தும்மிப் பந்தைக் கோட்டைவிட்டான். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, இங்கே கிரில் போடத் தடை என்று எனக்குப் பலகையைக் காட்டினார்.

சனிக்கிழமையும் தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். சதீசன் துடுப்பை நிலவறையில் போட்டுவிட்டு, "அப்பா, சனிக்கிழமையோடை நான் விடுறன்" என்கிறான். இந்த ஊரில் அவன் சிரித்துக்கொண்டு போகிற ஒரே இடம் அந்த மைதானம். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

ஆகவே தயவுசெய்து வராதீர்கள். கால் வலி, வர ஏலாது என்று மகாதேவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் தடுத்தேன் என்று தெரிந்தால் அடுத்த மிளகாய்ப் புகை எனக்குத்தான்.

எங்களை வாய் திறந்து வாழ்த்தாமல் மனதுக்குள் மட்டும் ஆசீர்வதிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்கும்,
தங்கராசா

பி.கு.: நான் தேநீர் போடப் போன நேரத்தில் மகாதேவி இதை எடுத்து உரக்க வாசித்துவிட்டாள். கிழிக்கவும் விடுகிறாளில்லை. "அக்காவுக்கும் தெரியட்டும்" என்கிறாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த சதீசன் விழுந்து விழுந்து சிரித்தான், அக்கா. எத்தனை நாளுக்குப் பிறகு! "பெரியம்மாவைக் கட்டாயம் வரச் சொல்லுங்கோ. ஆனா மற்ற ரீமின்ரை பக்கம் இருந்து அவையைப் புகழட்டும்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுக்க நிலவறைக்கு ஓடினான். மேலே எழுதியதெல்லாம் மறந்துவிடுங்கள். முதல் ரயிலிலேயே வாருங்கள். எதிரணிப் பக்கம் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன். வாய் நிறையப் புகழுங்கள். எங்கள் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.