காலியாகாத ஃபோல்டர்

"இன்னும் காலியாகலையா?" என்று மேனேஜர் மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டைப்பிஸ்ட் அக்கா தலையை நிமிர்த்தாமல் அடுத்த ஃபைலைத் திறந்தாள். தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் தற்காலிகம். கணவன் கடையை மூடியதிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். "சாயங்காலத்துக்குள்ள உங்க ஃபோல்டர் காலியானா வேலை நிரந்தரம். ஆகலைன்னா நாளைக்கு வர வேண்டாம்" என்று மேனேஜர் காலையிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வேலை என்னவோ மலையைப் புரட்டுவதல்ல. பம்பு விளக்கப் புத்தகங்கள் வேர்ட் ஃபைலாக அவள் ஃபோல்டரில் வந்து விழும். அவற்றைப் பிடிஎஃப்பாக மாற்றி மாடிக்கு அனுப்ப வேண்டும். மாடியில் அதை என்ன செய்கிறார்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்க நேரம் இருந்தால்தானே.

எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"இந்தப் பம்பை எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கு சார்" என்றாள், பக்கத்து மேசைக் கேஷியரிடம்.

"பம்புன்னா எல்லாம் ஒரே மூஞ்சிதாம்மா. நீங்க ஒண்ணொண்ணா மாத்துனா விடிஞ்ச மாதிரிதான். மொத்தமா மாத்தி அனுப்புற புரோகிராம் இருக்கு, போட்டு விடறேன்."

போட்டுவிட்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு நகலும் சேர்ந்து போகும்படி வைத்தார். முன்ஜாக்கிரதை முத்தண்ணா.

கண்மூடித் திறப்பதற்குள் ஃபோல்டர் காலி. அக்கா நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். வந்து பார்த்தால் ஃபோல்டர் நிறைந்து கிடந்தது. முன்னைவிட இரண்டு மடங்கு.

"இறைச்ச கிணறு ஊறும்னு சொல்வாங்க. பம்பு கம்பெனியில வேற என்ன நடக்கும்?" என்று கேஷியர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அக்காவுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, இந்த வேலையும் போயிடும் போல இருக்கு."

"பதறாத. அந்தப் புரோகிராம் தானாவே ஓடிட்டே இருக்கிற மாதிரி ஏதாவது இருக்கும், பாரு. வர வர மாத்தித் தள்ளிடும்" என்றார் கணவர்.

இருந்தது. அழுத்தினாள். அதோடு தீர்ந்தது கதை. ஃபைல்கள் போவதும் வருவதும் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. கம்ப்யூட்டர் அனலாகக் கொதித்தது. நிறுத்தப் பார்த்தால் மவுஸ் அசையவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்து நின்றார். திரையையே வெறித்துப் பார்த்தார். அக்கா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"ஃபோல்டர் காலியாகலை சார்."

"இவ்வளவு வேலை வந்தா எப்படிங்க காலியாகும்? ஒரே நாள்ல இத்தனை ஃபைல் மாத்தியிருக்கீங்க. நான்தான் தெரியாம கெடு வச்சுட்டேன். மாடியிலயும் இதே கதைதான், அந்தப் பையன் மூச்சு விடாம உழைக்கிறான். அவனையும் நிரந்தரமாக்கிட்டேன், உங்களையும் ஆக்கிட்டேன்." உத்தரவை மேசையில் வைத்துவிட்டு, தன் கருணையில் தானே நெகிழ்ந்து போய்விட்டார்.

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ஏங்க, நிரந்தரம் பண்ணிட்டாங்க" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் கணவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

போனை வைத்தபோது, மாடியிலிருந்து ஒல்லியாக ஒருவன் இறங்கி வந்தான். அவன் கையிலும் ஓர் உத்தரவு இருந்தது. அவள் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அக்கா, நீங்க பிடிஎஃப்பா மாத்தி அனுப்புறதையெல்லாம் திரும்ப வேர்டா மாத்திக் கீழே அனுப்புறதுதான் எனக்குக் குடுத்திருக்கிற வேலை. நானும் தானா ஓடுற புரோகிராம்தான் போட்டிருக்கேன்... இதை நாம சார்கிட்ட சொல்லியே ஆகணுமா?"