நடக்க ஆள் தேவை

சனிக்கிழமை சாயந்திரம் சும்மா நடப்பதற்கு ஐம்பது பேராவது வேண்டும் என்று மெத்தைக்கடைக்காரர் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். மெத்தை வாங்க வேண்டாம், தலையணை உறைகூட வாங்க வேண்டாம், கடைகளுக்கு முன்னால் மேலும் கீழும் நடந்தால் போதும் என்றார். போனை எடுத்தவர்கள் அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்கள்.

விஷயம் இதுதான். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே போகும் அகலமான சாலையின் ஓரத்தில் வரிசையாகக் கடைகள் இருந்தன. மெத்தைக்கடை, டைல்ஸ் கடை, குழாய்க்கடை, விளக்குக்கடை. ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் கடையைவிடப் பெரிய கார் நிறுத்தும் இடம். வருகிறவர்கள் காரில் வருவார்கள், வேண்டியதை வாங்கிக் காரில் ஏற்றுவார்கள், வந்த வழியே போய்விடுவார்கள். அடுத்த கடைக்குப் போவதென்றாலும் காரை எடுத்துக்கொண்டுதான் போவார்கள். இருட்டிவிட்டால் ஈ காக்கை இருக்காது.

இந்த இடத்தை நகர மையமாக்கிக் காட்டுகிறேன் என்பது மெத்தைக்கடைக்காரரின் பல வருடப் பிடிவாதம். அதற்காகவே வியாபாரிகள் சங்கம் ஒன்றை ஆரம்பித்து, யாரும் கேட்காமலே செயலாளராகவும் ஆகிவிட்டார். மனு மேல் மனு போட்டார். கிழக்கு நகரம் மேற்கே கைகாட்டியது. மேற்கு நகரம் கிழக்கே கைகாட்டியது.

இதற்கிடையே வீட்டில் வேறு நெருக்கடி. கடைக்கு மேலேதான் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஒரு மனுஷ முகம் கண்ணில் படுவதில்லை, இந்த வருஷம் முடிவதற்குள் கடையைக் கைமாற்றிவிட்டுத் தன் தம்பி இருக்கும் நகரத்துக்கே போய்விடலாம் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். கடையை விடுவதென்றால் அவருக்கு உயிரை விடுவது மாதிரி. மனைவி முகம் வாடினாலும் அதே கதைதான். இரண்டு உயிரையும் ஒன்றாகக் காப்பாற்ற நகர மையத்தைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. நகரமைப்பு அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஜலதோஷம் பிடித்த குரலில் ஒருவர் சொன்னார். சனிக்கிழமை சாயந்திரம், யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து பார்ப்பாராம். கட்டடத்தையோ சாலையையோ பார்க்கப்போவதில்லை, ஒரு வேலையும் இல்லாமல் மனிதர்கள் உலாத்துகிறார்களா என்று மட்டும்தான் பார்ப்பாராம்.

"கடைக்காரங்களே குடும்பத்தோட இறங்கி நடக்காத இடத்த நகர மையம்னு நான் எப்படிங்க எழுதறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மெத்தைக்கடைக்காரர் மாடிக்கு ஓடி மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, அப்படியானால் நாமும் நடக்க வேண்டியிருக்குமோ என்று கேட்டாள். நடந்துதான் ஆக வேண்டும் என்றார் அவர், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர் முகத்தோடு.

சனிக்கிழமை வந்தது. ஆட்களும் வந்தார்கள். சித்தப்பா பெரியப்பா வகையறா, சங்கத்து உறுப்பினர்களின் சம்பந்திகள், நகரத்திலிருந்து மச்சினன் குடும்பம் என்று நல்ல கூட்டம். ஆனால் நடப்பதற்கு வந்தவர்கள் எல்லோரும் காரில் வந்திருந்தார்கள். நிறுத்துமிடம் பூராவும் அவர்கள் கார். உண்மையாகவே டைல்ஸ் வாங்க வந்தவர்கள் இடமில்லாமல் திரும்பிப் போக, டைல்ஸ் கடைக்காரர் செயலாளரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்.

உடனே மெத்தைக்கடைக்காரர் கார்களையெல்லாம் தொலைவிலிருந்த ஒரு காலி மைதானத்துக்கு அனுப்பினார். அங்கே காரை விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்து சேர்வதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. நகர மையத்தில் நடக்க வேண்டிய நடையை வழியிலேயே நடந்து தீர்த்துவிட்டார்கள். உட்கார இடம் எங்கே என்று கேட்டார்கள்.

அந்த வட்டாரத்தில் பெஞ்சு கிடையாது. மனிதன் உட்காருவான் என்று யாரும் யோசித்ததே இல்லை. இருந்தது மெத்தை. ஓரமாகப் போட்டு வைத்தால் அதிகாரி பார்க்க அழகாக இருக்கும் என்று கடையிலிருந்து நல்ல மெத்தைகளாக இழுத்துப் போட்டார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சரக்கு முதல் தரம்; கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார்கள், பிறகு படுத்தார்கள். பெரியப்பா குறட்டையே விட்டுவிட்டார்.

"யாராவது நடங்களேன்" என்று கெஞ்சினார் மெத்தைக்கடைக்காரர். மச்சினன் மட்டும் சளைக்காமல் நடந்துகொண்டிருந்தான், முகம் கொள்ளாத சிரிப்போடு. அவனுக்கு எப்போதும் எதற்கும் சிரிப்புத்தான்.

வேறு வழியில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு தானே இறங்கினார்.

"இவ்வளவு வேகமா நடக்காதீங்க. வசூலுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

வேகத்தைக் குறைத்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு இயல்பாக இருக்கட்டும் என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது பேசிட்டே வாங்க."

"என்னத்தப் பேச?"

"மெத்தையத் தவிர எது வேணா பேசுங்க."

குழாய்க்கடை வரைக்கும் யோசித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. விளக்குக்கடையருகே வந்தபோது, கல்யாணமான புதிதில் அவளுக்குத் தெரியாமல் டிரைவிங் கற்றுக்கொள்ளப் போய், பயிற்சிக் காரை நேரே ஒரு சலூனுக்குள் விட்டதைச் சொன்னார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு ஆள் எழுந்து ஓடியதைச் சொன்னபோது அவள் நின்றுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நேரமே இல்லையே என்றார் அவர். சொன்ன பிறகு, அவருக்கே அது வருத்தமாக இருந்தது. இன்னொரு சுற்றுப் போனார்கள். அதிகாரியின் நினைப்பே அவருக்கு வரவில்லை.

அவர் கவனிக்காத அந்த நேரத்தில்தான் வினை வந்தது. சாலையில் போன ஒரு கார், ஓரத்தில் வரிசையாகக் கிடந்த உடம்புகளைப் பார்த்துப் பெரிய விபத்து என்று நினைத்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. எதிர்ப்பக்கமும் நின்றது. இரண்டு நகரத்துக்கும் போக வேண்டிய வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றுவிட்டன. உதவி செய்ய ஓடி வந்தவர்கள் குறட்டையைக் கேட்டுவிட்டு, போக வழியில்லாததால் அங்கேயே நின்றார்கள். குழந்தைகள் மெத்தையில் குதித்தன. கிழக்கேயிருந்து வந்தவர் ஒருவரும் மேற்கேயிருந்து வந்தவர் ஒருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு என்று கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார்கள். சிலர் அரசியல் பேசினார்கள். சிலர் விளக்குக்கடை வாசலில் சும்மா வேடிக்கை பார்த்தார்கள்.

மெத்தைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் பட்டது நெரிசல் மட்டும்தான். அதிகாரி இந்த வரிசையின் வாலில் எங்கோ மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். ஒரு சிவப்புத் தலையணை உறையை எடுத்து வீசிக்கொண்டு சாலை நடுவே பாய்ந்தார். பள்ளித் தோழர்களைப் பிரித்தார். குழந்தைகளை மெத்தையிலிருந்து இறக்கினார். ஒவ்வொருவரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"தயவுசெஞ்சு கெளம்புங்க. நகர மையத்தப் பாக்க ஆள் வர்றாங்க."

வாழ்க்கையில் இதுவரை எந்தக் காரியமும் அவருக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை. சாலை துடைத்து வைத்தது மாதிரி ஆனது. சந்தடி சாக்கில் அவருடைய சொந்தக்காரர்களும் மைதானத்துக்கு நடந்துபோய்க் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காலி மெத்தைகள் மட்டும் கிடந்தன. அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

மெத்தை ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார். எந்த வண்டியும் வந்து நிற்கவில்லை. எந்த அதிகாரியும் இறங்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி" என்றார் மனைவியிடம். "நாளைக்கே அங்க வீடு பாத்துடலாம். இங்க எதுவும் வராது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு காபி போடுவதாகச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டாள். அழுகிறாள் என்று அவர் நினைத்தார். அவருக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்களோடு கிளம்பாமல் மாடியில் இருந்த மச்சினன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"கோவிச்சுக்காதீங்க மாமா, போன்ல அதிகாரியாப் பேசினது நான்தான், அக்கா சொல்லித்தான், அங்க வீடெல்லாம் வேணாமாம், அடுத்த சனிக்கிழமையும் நான் போன் பண்ணினா அவங்களோட நடக்க வருவீங்களான்னு அக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."