நீலத்தைத் துரத்திய ஷேடு மாஸ்டர்

ஆம்பூரில் அந்தக் காலத்தில் வானத்துக்கே மார்க் போட்ட ஒரே ஆசாமி எங்கள் ஷேடு மாஸ்டர்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மயிரிழை மாறினாலும் மொத்தச் சரக்கையும் மறுபடி சாய டிரம்மில் போட வைப்பார். சாயங்காலம் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, பாலாற்று மணலுக்கு மேலே சிவக்கும் வானத்தைப் பார்த்து, "செவப்பு ஜாஸ்தி" என்று அதையும் தள்ளிவிடுவார். "பாஸ்" என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் நானும் அம்மாவும் குடியிருந்தோம். நான் அதே ஷாப்பில் டைப்பிஸ்ட். காலையில் படியிறங்கும்போதே என் புடவை ரிஜெக்ட் ஆகிவிடும்.

கல்யாணமாகாத மனிதருக்குச் சொந்தம் என்று இருந்தது நாப்பா என்கிற பூனை மட்டும்தான். மெத்தென்ற தோலுக்கு ஷாப்பில் வழங்கும் பெயர் அது. திடீரென்று நாப்பா சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, தின்றுகொண்டே இளைத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார்.

மாஸ்டர் ஆடிப்போனார். "நானே டீயில சக்கரை கம்மியாத்தான் போடறேன் சார்!"

மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் யாருக்கு என்று கேட்டார்கள்.

"எங்க வூட்டுப் பொண்ணுக்கு."

"அடையாளம் ஏதாவது சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"மீசை இருக்கும்."

கடைக்காரர் டாக்டர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார்.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "காலைல, சாயங்காலம், சாப்ட்டப்புறம் ஒரே அளவு. நான் சொல்லாம கூட்டாதீங்க, சக்கரை ஒரேடியா எறங்கிடும். மயங்கிட்டா ஈறுல சக்கரைத் தண்ணி தடவி ஓடியாங்க." வீட்டில் சோதனையும் உண்டு. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் மூத்திரத்தைச் சொட்டி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் சிவப்பு. போயும் போயும் இந்த மனிதரிடமா நிறத்தைக் கொடுப்பது?

நாப்பா ஒன்றுக்குப் போகிற தட்டில் மணலுக்குப் பதிலாக பாலீஷ் தோல் துண்டுகளைப் பரப்பினார், சொட்டுக்கூட ஊறாது. அந்த மெத்தையில் அது மகாராணியாக உட்காரும். பிறகு தேங்கியதை எடுத்துச் சொட்டி, குழாயைத் தீயில் காட்டுவார். நீலம் மெல்லக் கலங்கும், பச்சை மிதந்து வரும், அதற்குள்ளேயே ஒரு சின்ன அந்தி சிவக்கும். நானும் அவரும் பார்த்துக்கொண்டே நிற்போம்.

"ஆரஞ்சு! இன்னும் கொஞ்சம் மருந்து ஏத்தணும்."

"டாக்டர் கூட்டாதீங்கன்னாரே, மாஸ்டர்?"

"ஷேடு வரலன்னா டிரம்முல சாயத்தக் கூட்டறதில்லையா? கலரப் பத்தி அவருக்கு இன்னா தெரியும், டைப்பிஸ்டம்மா?"

இப்படியே தினமும் நிறத்தைப் பார்த்து மருந்தை ஏற்றிக்கொண்டே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து கூவினார்: "ஓடியாங்க! நீலம்! சுத்த நீலம்!"

ஓடினேன். குழாயை ஜன்னலில் பிடித்துக்கொண்டு சொக்கி நின்றார். "பாஸ்" சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டார். அவர் காலடியில் நாப்பா துவண்டு கிடந்தது.

"ஐயோ மாஸ்டர், பூனையப் பாருங்க!"

குழாய் உடைந்து நீலம் தரையில் ஓடியது. நான் சர்க்கரையைக் கரைத்து வந்தேன். அவர் நாப்பாவை மடியில் போட்டு ஈறில் தடவினார். "எனக்கு நீலமே வாணாம். எந்திரிம்மா, என் தங்கமே!" அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். வெகுநேரம் கழித்து ஒரு சின்ன நாக்கு வெளியே வந்து அவர் விரலை நக்கியது.

உடனே ரிக்ஷாவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் நாப்பாவைக் காப்பாற்றிவிட்டு மாஸ்டரைக் கிழித்தார். "பூனை இன்னா உங்க டிரம்மா? கொஞ்சம் பச்சை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்!" மருந்தையும் குறைத்துவிட்டார்.

அதற்குப்பின் மாஸ்டர் அளவைத் தொடவே இல்லை. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். இளம்பச்சை. வயிறு நிறைந்து உருண்டு கிடந்த நாப்பாவைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

"பாஸ்," என்றார்.

வானத்தையும் நிமிர்ந்து பார்த்து அதற்கும் பாஸ் போட்டார். என் புடவை மட்டும் கடைசிவரை தேறவில்லை.

மாஸ்டரும் இல்லை, நாப்பாவும் இல்லை. புதுப் புடவை கட்டுகிற அன்று இப்போதும் படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன், ரிஜெக்ட் என்று ஒரு குரல் வராதா என்று.