எட்டாம் ரவுண்டும் என் கடைவாய்ப் பல்லும்

நலமும் பலமும் ஒருசேரப் பெற்று வாழ வேண்டிய என் தங்கை மகளுக்கு, டயர் கடையிலிருந்து உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே என் வலது கன்னம் தவிர அனைவரும் சௌக்கியம். கன்னத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது இப்படித்தான் முடியும் என்று உன் குத்துச்சண்டைப் போட்டிக்கு மூன்று நாள் முன்பே நான் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் உன் அத்தையைக் கேள். "மூணு நடுவர்ல ரெண்டு பேரு நம்ம பொண்ணக் கவுத்துடுவாங்க பாரு" என்று கைகழுவிக்கொண்டே சொன்னேன். "மொதல்ல அந்தக் குழாய மூடுங்க" என்றாள். ஞானம் உள்ளவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

முன்வரிசையில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து ரவுண்டுக்கும் நானே மதிப்பெண் போட்டேன். உனக்கு ஏழு, உன் எதிராளிக்கு மூன்று. ஆனால் நடந்தது என்ன? முதல் நடுவர் நீ ஜெயித்ததாக எழுதினார், இரண்டாமவர் அவள் என்றார், மூன்றாமவர் ஆறு ரவுண்டை அவளுக்கும் நாலை உனக்கும் போட்டு அவள் கையைத் தூக்க வைத்துவிட்டார். நீயும் கையுறையை அலமாரி மேல் எறிந்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய் போனை அணைத்துவிட்டாய். உன் அம்மா என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்த டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "இனிமே ரிங்குல ஏறவே மாட்டாளாம்ண்ணே" என்று அழுதாள். நான் சும்மா இருக்கிற ஆளா?

விசாரித்ததில் அந்த மூன்றாவது நடுவர் தொழிலில் பல் டாக்டர் என்று தெரிந்தது. நியாயம் கேட்கப் போனேன். வாசலில் இருந்த நர்ஸம்மா, "பல்லு வலின்னாதான் உள்ள விடுவேன்" என்றார். வலிதான் என்றேன். எந்தப் பல் என்றார். கைக்கு வந்த பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன், அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், டாக்டருடைய இரண்டு விரல் எல்லாம் குடியேறிய பிறகுதான் நான் யாரென்று சொல்லப் பார்த்தேன். "ஆ" என்று மட்டும்தான் வந்தது. பையிலிருந்த, "மாமன் போட்ட மார்க்" என்று உன் பெயரோடு தலைப்பிட்ட காலண்டர் தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஓ, அந்தப் பொண்ணோட மாமாவா நீங்க. வாய நல்லாத் தெறங்க" என்றார். "நாங்க மூணு பேரும் ரிங்கைச் சுத்தி மூணு பக்கம் உக்கார்றோம். என் பக்கத்துலேர்ந்து தெரியறதத்தான் நான் எழுத முடியும். எட்டாவது ரவுண்டுல அந்தப் பொண்ணு கயித்தோரம் சண்ட போட்டப்ப, எனக்கு அதோட முதுகுதான் தெரிஞ்சுது. எதிராளி கை ரெண்டு தடவ மேல வந்தது தெரிஞ்சுது. ரவுண்ட எதிராளிக்கே குடுத்துட்டேன்."

"ஆ" என்றேன், கடுமையாக.

"வலிக்குதா?"

"ஆ."

"அப்போ இந்தப் பல்லேதான்" என்று ஊசியைப் போட்டுப் பிடுங்கிவிட்டார். நல்ல பல், மருமகளே. கரும்பு கடித்த பல்.

விடுவேனா? வாயில் பஞ்சோடு எழுந்து, நர்ஸம்மாவை எதிராளியாக நிறுத்தி, டாக்டரை அவர் அன்றைக்கு உட்கார்ந்த பக்கமாகத் திருப்பிவைத்து, எட்டாம் ரவுண்டை நடத்திக் காட்டினேன். உன் இடது கை, அடக்கமாக, ரொம்பக் கிட்டத்தில், அவள் வலது விலாவில். லாரி டயரில் வால்வைக் கழற்றியது போல அவளுக்குக் காற்று இறங்கியதைச் சத்தத்தோடு காட்டியதில் தட்டிலிருந்த இடுக்கிகள் அத்தனையும் தரைக்கு வந்துவிட்டன. "காட்டினா போதுங்க, மேல படணும்னு இல்ல" என்றார் நர்ஸம்மா.

டாக்டர் குனிந்து இடுக்கிகளைப் பொறுக்கினார். "படம் பிடிச்சவனும் என் பக்கந்தான் நின்னான். நீங்க நெஜமாப் பாத்தீங்களா?" என்றார்.

"இந்த ரெண்டு கண்ணால" என்றேன்.

மனிதர் நல்லவர், சும்மா சொல்லக் கூடாது. எட்டாம் ரவுண்டு தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று குத்துச்சண்டைச் சங்கத்துக்கு அப்போதே எழுதினார். கீழே நேரில் பார்த்த சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ரவுண்டு உன் பக்கம் வந்தால் அவர் கணக்கு ஐந்துக்கு ஐந்து. ஒருவர் உனக்கு, ஒருவர் அவளுக்கு, ஒருவர் நடுவில். ஆகமொத்தம் சமன். மறுபோட்டிக்குச் சங்கம் சம்மதித்துவிட்டது, அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உன் படிவம் இந்த உறைக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் கடைசி. சங்கத்தையே ஆட்டிவைத்த மாமன் உனக்கு இருக்கும்போது அலமாரி மேல் கையுறைக்கு என்ன வேலை?

கைக்கு வலுவும் காலுக்கு வேகமும் என்றும் குறையாதிருக்க வாழ்த்தி, உன் தோழி வீட்டாருக்கு என் வணக்கத்தையும் சொல்லி முடிக்கும்,
மாமா.

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அத எழுதலியா?" என்றாள். எழுதுகிறேன். மூன்றாம் ரவுண்டில் உன் புருவம் கிழிந்து ரத்தம் வந்ததா, நான் எழுந்துவிட்டேன். வெளியே போய் மாடிப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீதி ஏழு ரவுண்டுக்கும் மதிப்பெண் அங்கிருந்தே போட்டதுதான். அந்த விலா அடியை நான் பார்க்கவில்லை. டாக்டர் முதுகு என்றதும், முன்பக்கம் நீ சும்மாவா நின்றிருப்பாய் என்று தோன்றியது, அடிக்க வைத்துவிட்டேன். நீ அடிக்கவில்லையென்றால் ஒரு வரி எழுது, நானே போய் டாக்டரிடம் ஒத்துக்கொள்கிறேன். அடித்தாயா இல்லையா என்பது உனக்கும் அந்தப் பெண்ணின் விலாவுக்கும்தான் தெரியும். அடித்திருந்தால், கையெழுத்துப் போடு.