ஐந்தாவது போர்ட், ஆறாவது போர்ட்

"நாலுதான் காட்டுது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எத்தனை காட்டணும்?" துணி மடித்துக்கொண்டே கேட்டாள் மனைவி.

"ஆறு டிஸ்க்."

"ஆறு வருஷமா நாலுதானே காட்டுது."

அவள் சும்மாதான் சொன்னாள். ஆனால் அந்த ஆறு வருஷம் உள்ளே வந்து, மடித்த துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

சாமான் அறையின் மேஜை மேல் திறந்து கிடந்தது அவரே கட்டிய சர்வர். பார்வைக்கு ஒரே பெட்டிதான். உள்ளே ஐந்து கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. ஒரு வீட்டைத் தடுத்து ஐந்து குடித்தனம் வைத்தது போல. ஒவ்வொரு குடித்தனக்காரனும் மொத்த வீடும் தனக்கே என்று நினைத்துக்கொள்வான், அவ்வளவுதான் சூட்சுமம். ஒன்று மனைவியின் பள்ளிக்கூட வினாத்தாள்களைக் காத்தது. இன்னொன்று வீட்டுக்கே இன்டர்நெட்டைப் பங்கு போட்டுக் கொடுத்தது. மற்ற மூன்றும் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை; கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும்.

காட்டாத இரண்டு டிஸ்க்குகளையும் இத்தனை வருஷமும் பஞ்சு சுற்றி ஒரு மருந்துப் பெட்டியில் வைத்திருந்தவர், இன்று எடுத்து மறுபடி மாட்டியிருந்தார். நாலு வயதிலிருந்து ஒன்பது வயது வரை மகளின் படங்கள் எல்லாம் அவற்றுக்குள். நாளைக் காலை அவள் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறாள். போகும் முன் இரண்டே இரண்டு கேட்டிருந்தாள். சைக்கிள் பழகியபோது மாமா பின்னாலேயே ஓடி வரும் வீடியோ ஒன்று. வழியனுப்ப அந்த மாமா வர வேண்டும் என்பது மற்றொன்று.

முதலாவது செத்த டிஸ்க்கில் இருந்தது. இரண்டாவது, டிஸ்க்கைச் சாகடித்த ஆள்.

மனைவியின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன் இரண்டு நாள் தங்க வந்தார். மருந்துக்கடைக்காரர் அன்று சர்வரைத் திறந்து, புதிதாக வாங்கிய சின்ன வேக டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மச்சான், உள்ளே படிந்திருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டிக் கொடுத்தார். மூடி, சுவிட்சைப் போட்டால் ஐந்தாவது, ஆறாவது போர்ட்டில், அதாவது வயர் சொருகும் இடத்தில், இருந்த டிஸ்க்குகளைக் காணோம்.

"லிஃப்ட் துடைக்கிற கையால தொட்டா இப்படித்தான் ஆகும்" என்று ஆரம்பித்த மருந்துக்கடைக்காரர், "இனிமே என் வீட்ல எதையும் தொடாதீங்க" என்பதில் போய்த்தான் நின்றார். மச்சான் விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை.

"அண்ணனைக் கூப்பிட்டுப் பேசுங்களேன்" என்றாள் மனைவி இப்போதும்.

"அவர் பேசட்டும்."

"அவர் என்ன சொல்றார் தெரியுமா? எப்பக் கேட்டாலும், 'மாப்ளைக்கே எல்லாம் தெரியும், அவர் முதல்ல பேசட்டும்'ங்கிறார்."

"ஆமா, எனக்குத் தெரியும். யார் சாகடிச்சதுன்னு நல்லாவே தெரியும்."

அவர் பெட்டிக்குள் கையை விட்டார். ஃபேனுக்கும் தகரத்துக்கும் நடுவில், எட்டாக மடித்த ஒரு தாள் செருகியிருந்தது. அது இல்லாவிட்டால் ஃபேன் கடகடக்கும். என்றைக்கு வைத்தோம் என்று அவருக்கே நினைவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், மூடும்போது பத்திரமாகத் திரும்பச் செருகுவார். இப்போதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் வயரை மாற்றினார். காட்டவில்லை. கரன்ட் வயரை மாற்றினார். அப்போதும் இல்லை.

"மேனுவலைப் பார்த்தா என்னப்பா?" என்று கேட்டாள் மகள், கையில் லேப்டாப்புடன்.

"மேனுவலைப் பார்த்தா நான் கட்டினேன்?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட மட்டும், 'டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற தாளைப் படிச்சிட்டுச் சாப்பிடுங்க'ன்னு கத்துறீங்க."

"அது மருந்து. உயிர் விஷயம்."

எல்லாவற்றையும் தாங்கும் தாய்ப்பலகையான போர்டில் பட்டன் போல ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழற்றி மாட்டினால் போர்டு தன் பழைய பழக்கவழக்கங்களையெல்லாம் மறந்துவிடும். கழற்றி மாட்டினார். அது சொன்னபடி எல்லாவற்றையும் மறந்தது. குடித்தனம் வைக்கலாமா என்று போர்டுக்குள் ஒரு சின்ன அனுமதி உண்டு. அதையும் சேர்த்து மறந்தது. ஐந்து குடித்தனக்காரர்களும் எழுந்திருக்க மறுத்தார்கள். இன்டர்நெட்டைப் பங்கு போடுகிறவனும் அதில் ஒருவன்.

"அப்பா, புது ஆபீஸ் மேனேஜர் வீடியோல பேசிட்டிருந்தாரு. அப்படியே வாயைத் திறந்தபடி நின்னுட்டாரு."

"ரெண்டே நிமிஷம்மா."

அனுமதியைத் திரும்பக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை வைக்க இடம் வேண்டுமென்று நெட்வொர்க் கார்டைப் பக்கத்து இடத்துக்கு மாற்றினார். இந்தச் சர்வர், கார்டுக்குப் பெயர் வைப்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து. இடம் மாறியதும் பெயரும் மாறியது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது சர்வர். புதுப் பெயரில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கார்டு வாய் திறக்கவில்லை. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. போதாததற்கு ஃபேன் வேறு கடகடவென்று.

"மானமே போகுது. என் போன்லயே பேசிக்கிறேன்" என்று போய்விட்டாள் மகள்.

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். "போனது போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன். அவராவது வரட்டும்."

அவர் மறுபடியும் வயரைக் கழற்றி மாட்டினார். போன் பேச்சு முடிந்து திரும்பி வந்த மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்கப்பா. ஒண்ணொண்ணா மாட்டிப் பார்க்கலாம்."

அவர் கார்டைக் கழற்றினார், ரேம் எனும் நினைவுப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். கடைசியாக, நகத்தளவு திருகாணியைத் திருகி அந்தச் சின்ன வேக டிஸ்க்கையும் கழற்றினார். சுவிட்சைப் போட்டார்.

ஆறும் காட்டியது.

சின்ன டிஸ்க்கை மறுபடி மாட்டினார். நாலு. கழற்றினார். ஆறு. மாட்டினார். நாலு. கண் தெரியாதவர் முகம் தடவிப் பார்ப்பது போல இதையே ஐந்தாறு தடவை செய்தார்.

மகள் பரண் மேலிருந்து கையேட்டை எடுத்து வந்தாள். உறைகூடப் பிரிக்காமல் இருக்கும் என்று நினைத்தவருக்கு, அது பிரித்திருந்தது ஆச்சரியம். முப்பத்தொன்றாம் பக்கத்தில், அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரே வரி: இந்த இடத்தில் சிறிய டிஸ்க்கைப் பொருத்தினால் ஐந்தாவது, ஆறாவது போர்ட்டுகள் வேலை செய்யா.

விஷயம் அவ்வளவுதான். மூன்று பேருக்கும் ஒரே பாதை. சின்னவன் வந்து உட்கார்ந்தால் மற்ற இருவருக்கும் வழி கிடையாது. சின்னவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் அவரேதான். பிரஷ் பிடித்தவன் மேல் பழி.

மகள் வீடியோவைத் திறந்தாள். நாலு வயதுக்காரி சைக்கிளில் வளைந்து வளைந்து போக, பின்னால் அவள் மாமா ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். "விடலம்மா, பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்ற குரல். கையை எப்போதோ விட்டிருந்தார்.

மனைவி அதை நின்றுகொண்டே பார்த்தாள். புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போனது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

ஆறு வருஷம். எத்தனை விடுமுறை, எத்தனை உடம்பு சரியில்லாத நாள், எத்தனை சனிக்கிழமை. அவர் போனை எடுத்தார். எண் மனப்பாடமாகத்தான் இருந்தது.

"மச்சான், நான்தான்."

"சொல்லுங்க மாப்ள. யாருக்காவது உடம்பு முடியலையா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். அந்த டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மச்சான். நீங்க ஒண்ணும் பண்ணல. நான் மாட்டின சின்ன டிஸ்க்காலதான் அது ரெண்டும் தெரியல. மேனுவல்ல முப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கான். இப்பத்தான் பார்த்தேன்." கையேட்டை மூடி வைத்தார். "வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க. நாளைக்குக் காலையில பாப்பா கிளம்புறா. நீங்க வரணும்."

"இதுக்கு மன்னிப்பு எதுக்கு? வரேன். ராத்திரியே வந்துடறேன்."

மருந்துக்கடைக்காரர் மூச்சு விட்டார். மனைவிக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆனா ஒண்ணு மட்டும் கேக்கணும் மாப்ள" என்றார் மச்சான், கோபமே இல்லாமல். "கண்ணுல படாம போகக்கூடாதுன்னு ஃபேன் பக்கத்துல மடிச்சுச் செருகிட்டுப் போனேனே ஒரு தாள், அதுல இந்த முப்பத்தோராம் பக்கத்தைத்தானே எழுதியிருந்தேன், அதைப் படிச்சதுக்கு அப்புறமும் ஏன் மாப்ள ஆறு வருஷம் என்னைக் கூப்பிடல?"